விளையாட்டின் விலையைக் கொடுப்பவர் யார்?

ஆடிப் பதினெட்டாம் நாளில் மேட்டூருக்கு வந்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார்கள். காவிரியில் நீராடி, கட்டி வந்த சோற்றை மர நிழலில் பகிர்ந்துண்டு, பொரித்த மீன் வாங்கித் தின்று, அணைப் பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, மாலையில் களைப்போடும் சிரிப்போடும் பேருந்து ஏறும் கூட்டம் அது. 1934 இல் திறக்கப்பட்ட இவ்வணை உழவர் நலனுக்கென்றே எழுந்ததாயினும், சுற்று வட்டாரத்து ஏழைக் குடும்பங்களுக்கு அதிகச் செலவில்லாத மகிழ்விடமாகவும் அமைந்துவிட்டது. இம்மகிழ்ச்சி எவருடைய இழப்பினாலும் வருவதன்று. எருசலேமின் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதை மீட்பின் அடையாளமாகக் கண்ட சகரியாவின் தரிசனத்தையும் (சகரியா 8:5), கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவர் அமர்ந்திருந்ததையும் அறிந்த நாம், பொழுதுபோக்கைச் சந்தேகக் கண்ணோடு நோக்கத் தொடங்குவது முறையன்று.

ஆனால் நமது திருச்சபைகள் நெடுங்காலம் அப்படித்தான் நோக்கின. திரைப்படம் பார்த்த மாணவனை விடுதியினின்று வெளியேற்றிய காலமும் உண்டு. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்பதே அன்றைய கேள்வி. இன்றும் பல பிரசங்க பீடங்களினின்று எழும் கேள்வி அதுவே. இக்கேள்வி போதாது என்பதை நாம் ஊழியம் செய்யும் இடத்தில் ஒரு தாயிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

ஒப்பந்தத் தொழிலாளியான அவருடைய மகன் ஞாயிறு தவறாது ஆராதனைக்கு வருபவன், குடிப்பழக்கம் இல்லாதவன். இரவு வேலை இல்லாத நாள்களில் கைப்பேசியில் ரம்மி விளையாடினான். ஓராண்டுக்குள் தாயின் நகை அடகுக்குப் போயிற்று. தங்கையின் படிப்புக்கென வைத்திருந்த பணம் போயிற்று. வட்டிக்கு வாங்கிய கடன் மூன்று இடங்களில் நின்றது. ஆயர் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து அந்த அம்மையார் சொன்னதன் சாரம் இதுதான்: மகன் குடிக்கவில்லை, கண்ட படங்களைப் பார்க்கவில்லை, வீட்டில் இருந்துகொண்டு விளையாடத்தானே செய்கிறான் என்று தாம் நிம்மதியாக இருந்துவிட்டாராம். நாம் பிரசங்கித்த விலக்குப் பட்டியலில் அவன் செய்தது இல்லை. அதை நினைத்து அன்று நாம் வெட்கினோம்.

இவ்விளையாட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதைப் போதகர்கள் அறிந்திருத்தல் நலம். எடுத்துக்காட்டாக, ஆறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்து ஆடுவதாகக் கொள்வோம். மொத்தம் 600 ரூபாய். நிறுவனம் நூற்றுக்குப் பத்து வீதம் எடுத்துக்கொண்டால், வென்றவருக்கு 540 ரூபாய் சேரும். இவ்வாறு பத்து ஆட்டங்கள் முடிந்தால் 600 ரூபாய், அதாவது ஓர் ஆட்டத்தின் முழுப் பணமும், ஆடியவர் கைகளை விட்டு நீங்கிவிடும். வெற்றி யாருக்கு ஆயினும் மேசை மட்டும் வறண்டுகொண்டே போகும். சிலர் திறமையினால் வெல்லக்கூடும். ஆனால் அவர் வெல்லும் ஒவ்வொரு ரூபாயும் தோற்ற ஐவரின் வீடுகளிலிருந்து வருவது. சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், சூதில் வரும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்குக் கிடைத்த இரைக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அணையில் மீன் பிடிப்போர் நடுவே வாழும் நமது சபையாருக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்த வழக்கோ வேறு வகையானது. ரம்மி அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா, திறமையைச் சார்ந்ததா என்பதே அங்கு எழுந்த வினா. தமிழக அரசு 2021 இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டிலேயே நீக்கியது. பின்னர் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைப் பெற்று அரசு இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தும், ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் எனக் கூறித் தடைப் பட்டியலினின்று விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராது, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. இச்சட்டங்களை நாம் வரவேற்கிறோம். எனினும் அரசையே நம்பியிருத்தல் ஆகாது. 1968 இல் இதே மாநிலத்தில் அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கிற்று. 2003 இல்தான் எல்லாப் பரிசுச் சீட்டுகளும் தடைசெய்யப்பட்டன. சட்டம் இன்று அடைப்பதை நாளை திறக்கலாம்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வினா விசுவாசத்தின் வினா அன்று. திறமையினால் அயலானை வறியவனாக்குவது எவ்வாறு குற்றமற்றதாகும்? பின்னாளில் கான்டர்பரிப் பேராயராக விளங்கிய வில்லியம் டெம்பிள், சூதாட்டத்தில் ஒருவரின் ஆதாயம் மற்றவரின் நஷ்டத்தையே தவிர்க்க முடியாதபடி சார்ந்திருப்பதை அதன் அடிப்படைக் குறைகளுள் ஒன்றாகக் காட்டினார். வணிகத்தில் இரு திறத்தாரும் பயன் பெறக்கூடும். கூலியில் உழைப்புக்கு ஈடு உண்டு. அன்பளிப்பில் கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். சூதில் இம்மூன்றும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய பவுல், ஒரு செயல் அனுமதிக்கப்பட்டதா என்பதோடு நில்லாமல், அது பிறரைக் கட்டியெழுப்புமா என்று கேட்கும்படி கற்பித்தது (1 கொரிந்தியர் 10:23,24) இவ்விடத்திற்கு மிகவும் பொருந்தும்.

சீட்டுப்போடுதல் வேதத்தில் உண்டே என்று மாணவர் கேட்பதுண்டு. மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப்போட்டவர்கள் தங்கள் விருப்பத்தைத் தேவனிடம் ஒப்புவித்தார்கள். எவருடைய பொருளையும் கவர நாடவில்லை. பொருளுக்காகச் சீட்டுப்போட்டவர்களையும் நற்செய்தி நூல்கள் காட்டுகின்றன. அவர்கள் சிலுவையின் கீழ் அமர்ந்து, சாகிறவருடைய அங்கிக்காகப் போட்ட போர்ச்சேவகர்கள். மேலே துன்புறுபவரை அவர்கள் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. கைப்பேசித் திரையிலும் தோற்றவரின் முகம் தெரிவதில்லை. ஏசாயா 65:11 கடிந்துகொள்ளும் காத், மேனி என்பன பாக்கியத்தையும் விதியையும் குறித்த தெய்வங்கள் என்பர் உரையாசிரியர். கர்த்தரை மறந்தவர்கள் அவற்றிற்குப் பந்தி விரித்தார்கள். பூர்வ திருச்சபை இதை எளிதாக எண்ணவில்லை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு எல்விராவில் கூடிய சங்கம், பணம் வைத்துப் பகடை ஆடிய விசுவாசி மனந்திரும்பினால், ஓராண்டுக்குப் பின்னரே திருவிருந்தில் சேரலாம் என விதித்தது. கண்காணிகளும் மூப்பர்களும் சூதில் ஈடுபட்டால் பதவியிழப்பர் என்றும் பழைய விதி ஒன்று உண்டு.

குருமாரைப் பற்றிய விதியை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வரும். முன்பு நாம் பணியாற்றிய ஒரு சபையில், ஆலயக் கட்டட நிதிக்காகக் குலுக்கல் சீட்டு விற்றோம். முதற்பரிசு ஒரு தையல் இயந்திரம். ஆராதனை முடிவில் அறிவித்து, ஜெபித்து, விற்பனையைத் தொடங்கியவர்கள் நாமே. நூற்பாலையில் வேலை செய்த ஒரு விதவை பத்துச் சீட்டுகள் வாங்கினார்; பரிசு விழவில்லை. சில நாள் கழித்து வந்து, தமது ஜெபத்தில் விசுவாசம் குறைவோ என்று நம்மிடம் கேட்டார். காணிக்கை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கொடுத்தோம் என்ற நிறைவும் அவருக்கு இருந்திருக்கும். நாமோ அவருடைய வறுமையில் ஓர் ஆசையை மூட்டி, அதை ஆண்டவருடைய பெயரால் விற்றோம். அன்று அவருக்குத் தக்க விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

அந்த இளைஞனின் கடன் வெளிவந்த பிறகு, சேகரக் குழுவில் குலுக்கல் சீட்டை நிறுத்த வேண்டுமென்று கேட்டோம். எளிதில் ஒப்பவில்லை. ஐந்து ரூபாய்ச் சீட்டும் ஆயிரக்கணக்கில் இழக்கும் ரம்மியும் ஒன்றாகுமா என்றார் ஒருவர். அளவில் ஒன்றல்ல, ஆனால் சபையில் பழகிய கை வெளியே தயங்காது என்றோம். அறுப்பின் பண்டிகை ஏலமும் சூதுதானே என்றார் மற்றொருவர். ஏலத்தில் பூசணிக்காயை முந்நூறு ரூபாய்க்கு எடுப்பவர் தாம் கொடுப்பது எவ்வளவு, பெறுவது என்ன என்பதை அறிந்தே எடுக்கிறார். அவரால் ஒருவரும் வறியராவதில்லை. (அதில் பெருமை புகுவது உண்டு, அது வேறு கட்டுரைக்குரியது.) இறுதியில் குலுக்கல் நின்றது, ஏலம் தொடர்கிறது.

அந்த இளைஞன் சம்பளத்தைத் தாயிடம் கொடுத்துக் கடனை மாதந்தோறும் அடைத்து வருகிறான். கட்டட நிதியில் குலுக்கலால் வந்துகொண்டிருந்த தொகை இன்னும் ஈடாகவில்லை. பொருளாளர் அதை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டுகிறார்.