பதக்கம் இல்லாத தலைவர்கள்

சேவைக்கு விருது பெற வயது வரம்பு உண்டு, பதிவுப் புத்தகம் உண்டு. கொல்கத்தா குடிசைப் பகுதிக் குழந்தைகள் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை.

கொல்கத்தாவில் உள்ள ரிஷி அரவிந்தர் காலனியில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அத்தனை பேர் குடியிருந்தும் இணைய வரைபடத்தில் அந்தக் குடிசைப் பகுதி வெறும் வெற்றிடம். அதை நிரப்பக் கிளம்பியவர்கள் அங்கேயே வளர்ந்த சிறுவர் சிறுமியர். சந்து சந்தாக நடந்தார்கள். வீடுகளை எண்ணினார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், சொட்டு மருந்து போட வேண்டிய குழந்தை உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முகாம் நாளன்று வீடு வீடாகப் போய்த் தாய்மார்களை அழைத்தார்கள். குடிநீர்க் குழாய் கேட்டும் குரல் கொடுத்தார்கள்.

பின்னணியில் இருந்தது 'பிரயாசம்' என்ற தொண்டு நிறுவனம். அதை நடத்தும் அம்லான் கங்குலி, வக்கீல் தொழிலை விட்டு வந்தவர். குழந்தைகளுக்கு உதவுவதைவிடப் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைப்பது அவர் வழி.

இதே தலைமைப் பண்புக்கும் சேவைக்கும் விருது தரும் திட்டங்கள் இல்லாமல் இல்லை. இளவரசர் ஃபிலிப் பிரிட்டனில் 1956-இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருது 130-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது, இந்தியாவுக்கும் வந்தது. சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் ஆகிய நான்கிலும் தேற வேண்டும். யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. தானே வகுத்த இலக்கை எட்டினால் போதும். வெண்கலத்துக்கு 14 வயது, வெள்ளிக்கு 15, தங்கத்துக்கு 16 நிரம்பியிருக்க வேண்டும். நம் நாட்டு நாட்டு நலப்பணித் திட்டமோ காந்தி நூற்றாண்டான 1969-இல் பிறந்தது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். சிறந்தவர்களுக்குத் தேசிய விருது.

நல்ல திட்டங்கள்தான். ஆனால் முதலாவதில் ஏதாவது ஒரு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவதற்குக் கல்வி நிலையத்தில் மாணவராக இருக்க வேண்டும். வாரத்தில் சில மணி நேரமாவது கையில் மிச்சம் இருப்பவருக்கே இரண்டும் சாத்தியம். கங்குலியின் குழந்தைகளைப் பற்றிய 'தி ரெவல்யூஷனரி ஆப்டிமிஸ்ட்ஸ்' என்ற ஆவணப்படம் 2013-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதில் வரும் ஒரு சிறுமி செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். நடனக் குழுவை முன்நின்று நடத்திய இளம்பெண்ணின் வாழ்க்கையில் கல்யாணம் குறுக்கிடுகிறது. எந்தப் பதிவுப் புத்தகத்திலும் இந்தத் தடைகளுக்குத் தனிக் கட்டம் கிடையாது.

சேவைக்குக் கிடைக்கும் பலனும் பதக்கத்தோடு முடிவதில்லை. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-இல் கண்டறியப்பட்டார். ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த சிறுமி. கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றைக் கடந்தால் ஹவுராதான். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டு, இந்தியாவுக்கும் சான்றிதழ் கிடைத்தது. அந்த வெற்றிக்கு உழைத்தவர்கள் நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர். கையில் நோட்டுப் புத்தகத்தோடு கதவைத் தட்டிய இந்தக் குழந்தைகளும் அவர்களில் அடக்கம்.