ஜாமியாவின் ஆபா ஜான்

உடையார்பாளையத்தில் தறி நெய்யும் அன்பர் ஒருவர், சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். ஆசிரியப் பயிற்சி முடித்த அவருடைய மகள், கடல் கடந்த நாடொன்றில் ஏழைச் சிறார்களின் பள்ளியில் ஊதியமின்றி மூன்று மாதம் கற்பிக்கப் போவதாகக் கூறுகிறாளாம். “ஏழைப் பிள்ளைகள் நம் ஊரில் இல்லையா, பாய்? நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்” என்றார்.

நியாயமான கேள்விதான். தறியடியில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகளை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும், கற்பிப்பதற்காக ஊர்விட்டு ஊர் செல்வது நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரத்துக்கு முன்பே, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து யத்ரிபுக்கு ஓர் ஆசிரியரை அனுப்பி வைத்தார்கள். அவர்தாம் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள். செல்வத்தில் திளைத்து வளர்ந்த அவ்விளைஞர், அன்னியர் வீட்டில் தங்கி அம்மக்களுக்குத் திருமறையைக் கற்பித்தார். பின்னர் உஹதுப் போர்க்களத்தில் ஷஹீதானபோது, அவருடைய உடலை முழுதும் மூடவும் துணி போதவில்லை.

அன்று மாலை அன்பரின் இல்லத்துக்குச் சென்று, முஸ்அப் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்ன பிறகு, நம் நாட்டுக்கே வந்த ஒரு பெண்மணியின் வரலாற்றையும் அப்பெண்ணிடம் கூறினேன்.

கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்பது அவர் பெயர். 1895ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இசை பயின்றவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பெர்லினுக்கு வந்து சேர்ந்த ஏழை யூதர்களின் குழந்தைகளுக்கென நடந்த ஓர் இல்லத்தில் தொண்டாற்றியவர். அந்நகரில் 1920களில் கல்வி பயின்றுகொண்டிருந்த ஜாகிர் உசேன், ஆபித் ஹுசைன், முஜீப் ஆகிய மூவரும் அவருக்கு நண்பர்களாயினர். தாயகம் திரும்பித் தில்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நிலைநிறுத்தப் போவதாக அவர்கள் பேசியது அம்மையாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

ஜாமியா அன்று எத்தகைய நிலையில் இருந்தது என்பதை இன்றைய வாசகர் அறிதல் வேண்டும். ஒத்துழையாமை இயக்கத்தின் வேகத்தில், ஆங்கில அரசின் உதவியை உதறிவிட்டு, 1920இல் அலிகாரில் தோன்றி, 1925இல் தில்லிக்குப் பெயர்ந்த கல்விக்கூடம் அது. பணமின்றித் தள்ளாடிற்று. ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி, 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் 20 ஆண்டுகள் உழைப்பதாக உறுதி பூண்டதனால்தான் அது மூடப்படாமல் தப்பியது. இந்த வறுமைக்குள் ஓர் ஐரோப்பியப் பெண்மணியை அழைக்க, பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன் அவர்களே தயங்கினார்கள். அம்மையார் தயங்கவில்லை. 1932-33 குளிர்காலத்தில் வந்து சேர்ந்துவிட்டார். 1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றான். யூதரான அவர் திரும்பிச் செல்லும் வழி அத்துடன் அடைபட்டுப் போயிற்று.

உருது அவருக்குப் புதிய மொழி. உணவும் வெயிலும் புதியவை. ஆயினும் சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பையும் விடுதியையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். குழந்தைகளின் தூய்மை, விளையாட்டு, கைவேலை என ஒவ்வொன்றிலும் அவர் கவனம் சென்றது. பெரிய பண்டிதர்கள் பொருட்படுத்தாத வேலைகள் இவை. பிள்ளைகள் அவரை ‘ஆபா ஜான்’ என்றழைத்தனர். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘லாத்தா’ என்போமே, அந்த அன்பு இச்சொல்லில் உண்டு. அவர் தம் சமயத்தவரல்லர் என்பது எந்தப் பெற்றோருக்கும் பெரிதாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. பத்ரில் சிறைப்பட்ட குறைஷியருள் எழுத்தறிந்தவர்களிடம், ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்தலையே விடுதலைக்கு ஈடாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை நம் வரலாறு சொல்கிறதே!

அவர்கள் சிறைப்பட்டபின் கற்பித்தவர்கள். இவரோ கற்பிக்க வந்து சிறைப்பட்டார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால் ஆங்கில அரசு அவரைப் பூனாவை அடுத்த புரந்தர் கோட்டையில் காவலில் வைத்தது. ஹிட்லரின் நாட்டில் வாழ முடியாத ஒரு யூதப் பெண்ணை, ஹிட்லரின் நாட்டவர் என்று கூறி அடைத்த விந்தையை என்னென்பது! அங்கே உடல்நலம் குன்றியது. விடுதலை பெற்று ஜாமியாவுக்கே மீண்டார். 1943 ஏப்ரலில் புற்றுநோயால் காலமானார். ஜாமியாவின் கபுருஸ்தானில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பெண்கள் விடுதி ஒன்றும் குழந்தைகள் காப்பகம் ஒன்றும் இன்றும் அவ்வளாகத்தில் அவர் பெயரைத் தாங்கியுள்ளன.

இவ்வளவையும் கேட்ட அப்பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “போகாதே என்கிறீர்களா, மாமா?” என்று கேட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. “அங்குள்ள பிள்ளைகளின் மொழி உனக்குத் தெரியுமா? மூன்று மாதம் கழித்து அவர்களுக்கு யார் பாடம் சொல்வார்கள்?” என்று மட்டும் கேட்டேன்.

சென்ற வெள்ளியன்று அன்பரை மீண்டும் பள்ளிவாசலில் சந்தித்தேன். மகள் விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லையாம். எவ்வளவு காலம் தங்க விருப்பம் என்று கேட்கும் இடத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இருந்தது. சிறிது பெருமையும் இருந்தது.