குறை அடுக்களையில் இல்லை, தெருவில்!

வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொள்ள நம் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் வாசல் தெளிப்பதில் ஆரம்பித்து, ராத்திரி அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுப் படுக்கும் வரை கை ஓய்வதில்லை. இருந்தும் குழந்தைக்கு மாசம் தவறாமல் ஜுரம், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. ‘நான் எதில் குறை வைத்தேன்?’ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். வீட்டிலுள்ள பெரியவர்கள் வேறு, “அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் எட்டுப் பிள்ளை வளர்த்தோம்...” என்று ஆரம்பித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

சகோதரிகளே, இருபது வருஷமாகச் சென்னையில் ஒரே தெருவில் குடித்தனம் செய்கிறவள் நான். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பல சமயம் குறை உங்கள் அடுக்களையில் இல்லை. தெருவில் இருக்கிறது.

எங்களுடையது சின்னத் தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தெட்டு வீடு. மாடி, பின்கட்டு எல்லாம் சேர்த்தால் அறுபது குடும்பத்துக்குக் குறையாது. 2021 நவம்பரில் சென்னையில் கொட்டித் தீர்த்த மழை பலருக்கும் ஞாபகம் இருக்கும். மழை விட்டு, தெருவில் நின்ற தண்ணீர் வடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி கண்டது. மறுநாள் அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு. அதற்கு மறுநாள் என் சின்னப் பையனுக்கு. “மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம்”, “கடையில் பஜ்ஜி தின்றிருப்பான்” என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பாவம், அந்தக் குழந்தைதான் ரொம்பத் துவண்டுவிட்டது. கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர்கூட வராமல் துணி மாதிரி கிடந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தது. அதன் அம்மாவுக்கு இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். “அக்கா, அவன் டம்ளரைக்கூட நான் வெந்நீரில் போட்டுத்தானே எடுக்கறேன்? என்னாலதான் இப்படி ஆச்சுன்னு எங்க வீட்டுல சொல்றாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தெருவில் ரிடையரான டீச்சர் ஒருவர் இருக்கிறார். “சும்மா பேசிப் பிரயோசனமில்லை. எந்தெந்த வீட்டில் யாருக்கு வந்ததென்று எழுதுங்கள்” என்றார் அவர். என் மகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தெருவை வரைந்தாள். வீட்டுக்கு ஒரு கட்டம். பேதி கண்ட வீட்டுக்குச் சிவப்புப் பென்சில். நாலு பெண்களாகச் சேர்ந்து வீடு வீடாகக் கேட்டு வந்தோம். சாயங்காலம் தாளைப் பார்த்தால், சிவப்பு எல்லாம் எங்கள் வரிசையில்தான்! பதினாலு வீட்டில் ஒன்பது. எதிர் வரிசையில் ஒன்றுகூட இல்லை. எங்கள் வரிசையிலும் தப்பிய வீடுகளைப் பார்த்தோம். இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு வீட்டில் கேன் தண்ணீர். மிச்சமிருந்த ஒன்று, மகள் பிரசவத்துக்கு வந்திருந்த வீடு. பிள்ளை பெற்றவளுக்காக இரண்டு வேளையும் தவலை நிறையத் தண்ணீர் கொதிக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான்.

அப்புறம் என்ன சந்தேகம்? எங்கள் வரிசைக்கு வரும் குழாய் சாக்கடையை ஒட்டியே போகிறது. எதிர் வரிசைக்கு வேறு குழாய். காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னோம். ஆட்கள் வந்து தோண்டினார்கள். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து, சுண்டுவிரல் நுழைகிற அளவு ஓட்டை. சுற்றிலும் கறுப்புச் சேறு.

ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடினால், ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் பீறிடும். நமக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிகாலையில் ஒன்றரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. அப்போது வெளியிலுள்ள கழிவுநீர் மெள்ள உள்ளே கசிந்துவிடுகிறது. இது போதாதென்று சில வீடுகளில் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். தண்ணீர் கூடக் கொஞ்சம் வருகிறதோ இல்லையோ, சாக்கடையும் சேர்ந்து வருகிறது. அது அந்த வீட்டோடு நிற்பதில்லை, அதே குழாயைப் பிடிக்கும் அத்தனை வீட்டுக்கும்தான்!

பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் இதே மாதிரிக் கதை இருக்கிறதென்று டீச்சர் சொன்னார். 1854ல் லண்டனில் ப்ராட் ஸ்ட்ரீட் என்ற தெருவைச் சுற்றி காலரா வந்து ஜனங்கள் கும்பல் கும்பலாக மடிந்தார்களாம். கெட்ட காற்றால் வருவது என்றுதான் அப்போதெல்லாம் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, எல்லாம் ஒரே அடிபம்பைச் சுற்றியிருப்பதைக் காட்டினார். அதே தெருவில் பீர் காய்ச்சும் தொழிற்சாலை ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைத் தொடுவதே கிடையாது, தாகத்துக்கும் பீர்தான்! (நம் ஆண்பிள்ளைகள் கண்ணில் இந்த வரி படாமலிருக்க வேண்டும்.) கடைசியில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிப் போட்டார்கள்.

குழாயை நாம் போய் மாற்ற முடியாது. வீட்டுக்குள் செய்யக்கூடியது உண்டு. தண்ணீர் திறந்ததும் முதலில் வரும் இரண்டு மூன்று வாளியைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். அது பாத்ரூமுக்கு இருக்கட்டும். லேசாகக் குளோரின் வாசனை அடித்தால் முகம் சுளிக்காதீர்கள், அது நல்லதுக்குத்தான். தெளிவாக இருப்பதாலேயே தண்ணீர் சுத்தமானது என்று அர்த்தமில்லை. கொதிக்க வைப்பதென்றால் ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குவதில்லை. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷமாவது நிற்க வேண்டும். பிறகு மூடி வைத்து, நீளப் பிடியுள்ள கரண்டியால்தான் மொண்டு எடுக்க வேண்டும். குடத்தில் கைவிட்டு மொண்டால் கொதிக்க வைத்ததெல்லாம் வீண்.

குழந்தைக்குப் பேதி ஆரம்பித்தால் ‘வயிற்றைக் காயப்போடு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீட்டில் எப்போதும் இரண்டு இருக்கட்டும். எவ்வளவு தண்ணீரில் கரைப்பதென்று உறையில் போட்டிருக்கும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். குறைத்தும் கூடாது, கூட்டியும் கூடாது. பொட்டலம் கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971ல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஊசி மருந்து தீர்ந்துபோய் இந்த மாதிரிக் கரைசலைத்தான் வாயால் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். கூடவே துத்தநாக மாத்திரையை டாக்டர் பதினாலு நாள் எழுதிக் கொடுப்பார். பேதி நின்றுவிட்டதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். கண் குழிந்து, மூத்திரம் போகாமல், துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியமெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.

தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது என்றேன் அல்லவா? அதனால்தான் வீட்டுக்கு வீடு நீல நிற டிரம். அந்த டிரம்முக்குள்தான் டெங்கு இருக்கிறது! சாக்கடைக் கொசு வேறு, டெங்குக் கொசு வேறு. அது சுத்தமான தண்ணீர் தேடி வருகிற சீமாட்டி. காலில் வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும். ராத்திரி வலை கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோமே, மத்தியானம் தூளியில் தூங்கும் குழந்தைக்குக் கட்டுகிறோமா?

அது ஒன்றும் வெகு தூரம் பறந்து வருவதில்லை, சாதாரணமாக இருநூறு மீட்டருக்குள்தான். ஆகவே உங்கள் வீட்டில் கடித்தது உங்கள் வீட்டிலோ, நாலு வீடு தள்ளியோ பிறந்தது. டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலேயே மாசக்கணக்கில் கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளில் கொசு! வாரம் ஒரு தடவை தேங்காய் நார் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றினால் புழு அங்கேயே செத்துவிடும். இன்னும் பாருங்கள்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் கொட்டாங்கச்சி. எங்கள் தெருவில் அதிகம் கிடைத்தது எங்கே தெரியுமா? கிரைண்டர் வந்த பிறகு கொல்லையில் தூக்கிப்போட்ட ஆட்டுக்கல் குழியில்!

2017ல் தமிழ்நாடு பூராவும் டெங்கு படுத்தியெடுத்த வருஷம், எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேர் படுத்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு ஜுரம் விட்டது, “சரியாப் போச்சு” என்று சமைக்க எழுந்தாள். மயங்கி விழுந்துவிட்டாள். டெங்குவில் ஜுரம் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிட்டுப் போவது இதில் எது கண்டாலும் காத்திருக்கக் கூடாது. ஜுரத்துக்குப் பாரசிட்டமால் தவிர, ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தெருவில் டிரம் கழுவும் நாள். வெள்ளிக்கிழமை எப்படியும் வீடு கழுவுகிறோம், அதோடு இதுவும். ஒரு பூட்டின வீடுதான் தலைவலியாக இருந்தது. சொந்தக்காரர் வெளியூரில். சம்ப் மூடி உடைந்து, உள்ளே எட்டிப் பார்த்தால் புழு நெளிகிறது. நாங்கள் எவ்வளவு தேய்த்து என்ன பலன்? டீச்சர்தான் விடாமல் போன் போட்டு, புதுசாக மூடி போட வைத்தார். “உங்கள் பேரக்குழந்தை லீவுக்கு வந்தால் இங்கேதானே தங்கும்?” என்று ஒரு வார்த்தை கேட்டாராம், அதுதான் வேலை செய்தது!

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவின் இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்களும் சாய்ந்தன. அதுவரை சாயங்காலம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்குவோம். மரம் போனதும் சிமென்ட்டும் தாரும் ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்குகின்றன. சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்ன பாட்டிகள் வீட்டோடு முடங்கிவிட்டார்கள். நிழல் இல்லை, பிளாட்பாரம் முழுக்க ஸ்கூட்டர். எங்கே நடப்பது? மாடியில் ஷீட் போட்ட அறையில் குடியிருக்கும் பெண்ணின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஷீட்டின் மேல் இரண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தோம். கை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது.

மரத்துக்குப் பதிலாகப் புங்கங்கன்று ஏழு வைத்தோம். ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டது, ஒன்றைத் தண்ணீர் லாரி பின்னால் வந்து இடித்துச் சாய்த்துவிட்டது. மீதி ஐந்தும் மாடி ஜன்னல் வரை வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை டிரம் கழுவுகிற தண்ணீர் அவற்றுக்குத்தான். வாளி தூக்க முடியாத பாட்டிகள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எந்த வீட்டுக்காரி இந்த வாரம் ஊற்றவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.