முகமும் மனமும் – 9: அருவிக்கரைச் சிரிப்பு

குற்றாலம் பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு உம்மென்று வெளியே வருகிறவரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? சீசன் கூட்டத்தில் போலீஸ்காரர் விசில் ஊத, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி” என்று முண்டியடித்து உள்ளே போகும்போது முகத்தில் எரிச்சல்தான் இருக்கும். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்ததும் அதே ஆள், தன்னை இடித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். இவர் தென்காசி, அவர் கொல்லமாக இருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து நேரே மண்டையில் விழுந்தால் சிரிப்பாவது ஒன்றாவது! நடுவழியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக்குழி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அது நிரம்பி வழிவதுதான் நம்மிடம் வருகிறது. முதுகைப் பிடித்துவிட்டாற்போல் இருப்பது அதனால்தான்.

ஆனால் வீட்டில் ஷவரடியில் நின்று யாரும் இப்படிச் சிரிப்பதில்லை. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்கர் ராபர்ட் புரோவைன், தனிமையில் இருப்பதைவிட ஆட்களோடு இருக்கையில் மனிதர்கள் முப்பது மடங்கு அதிகம் சிரிப்பதாகக் கண்டார். அதிலும் நகைச்சுவைக்குச் சிரிப்பது குறைவு; “சரி, அப்புறம் பார்க்கலாம்” போன்ற சப்பைப் பேச்சுக்குத்தான் பெரும்பாலும் சிரிக்கிறார்களாம். அருவியில் மட்டும் யார் ஜோக் சொன்னார்கள்?

“தினமும் கண்ணாடி முன் சிரித்துப் பழகுங்கள்” என்ற அறிவுரையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். முகம் சிரித்தாற்போல் ஆகும்படி பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தால் கேலிச்சித்திரம் கூடுதலாகச் சிரிப்பூட்டும் என்று 1988-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2016-ல் 17 ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அது பலிக்கவில்லை. 2022-ல் 19 நாடுகளில் 3,878 பேரிடம் சோதித்ததில், வேண்டுமென்றே முகத்தைச் சிரித்தாற்போல் வைத்தாலும் மனம் சற்றே மலர்வது தெரிந்தது. சற்றேதான். கூடிச் சிரிப்பதன் பலன் வேறு வகை: வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் வலியைக் கூடுதலாகத் தாங்குகிறார்கள் என்று ராபின் டன்பார் குழு 2011-ல் காட்டியது. உடம்பே சுரக்கும் எண்டார்பின்தான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு.

ஆகவே சிரிப்புப் பழக வேண்டுமானால் முதலில் ஆள் சேர்க்க வேண்டும். ஆய்வு எதுவும் படிக்காமலே இதைச் செய்தவர் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றமான வட்டத்தொட்டியில் கூடிய இலக்கியச் சபை, அவர் குற்றாலத்தில் குடியேறிய பிறகு அருவியோரத்துக்கு இடம் மாறியது. ராஜாஜி வருவார், கல்கி வருவார். குளியல், சாப்பாடு, கம்பன். பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசிக்க அவருக்கு எதிரில் எப்போதும் ஆள் வேண்டும். 1954-ல் அவர் மறையும்வரை அந்த வீட்டில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமில்லை. காரியமில்லாமல் ஒருவரை “வாங்க” என்று கூப்பிடும் வழக்கம் நம்மிடம் அருகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகூட வாட்ஸ்அப்பில் வருகிறது.

கூப்பிட ஆளில்லாதவர் என்ன செய்வது? மும்பைப் பூங்கா ஒன்றில் 1995-ல் ஐந்தே பேரை வைத்து மதன் கட்டாரியா என்ற மருத்துவர் ஒரு வழி கண்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. அடுத்த வாரம் பேசுவோம்.

(தொடரும்)