உடையும் காசு!

ரொட்டி வாங்கினால் மீதி தரக் கடைக்காரரிடம் சில்லறை இல்லை! 1914-ல் முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மனியில் இதே கதைதான். வெள்ளிக் காசை மக்கள் பதுக்கினார்கள். பிறகு செம்பும் நிக்கலும் போர்த் தளவாடம் செய்யப் போய்விட்டன.

என்ன செய்வது? நகரசபைகளே இரும்பிலும் துத்தநாகத்திலும் காசு அடித்தன. அந்தக் காசு அந்த ஊரில்தான் செல்லும். அடுத்த ஊர்க் கடைக்காரர் தொடமாட்டார்!

1918-ல் போர் முடிந்தது. சில்லறைப் பஞ்சம் தீரவில்லை. நெசவுக்குப் பேர்போன பீலெபெல்டு நகரில் பட்டுத்துணியிலேயே நோட்டு அச்சிட்டார்கள். பீங்கான் பாத்திரம் செய்யும் மைசென் ஆலை, 1920, 1921-ம் ஆண்டுகளில் பீங்கான் காசு செய்தது. கை தவறினால் காசு போச்சு!

கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்தால் நகரசபை அரசாங்கப் பணம் தரும். ஆனால் அழகாக இருக்கிறதே என்று பலர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நகரசபைக்கு அத்தனையும் லாபம்! இதைக் கண்ட சில ஊர்கள், சேகரிப்பவர்களுக்கென்றே வண்ணப்படம் போட்டு நோட்டு அடித்து விற்றன.