லைவ் போட்டவர்களே, அந்த வீடியோ எங்கே?

ஆரையம்பதி பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று சறுக்கி விழுந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அடிப்பவர் ஒருவர், லைவ் போடுபவர் ஐந்து பேர். தாய்க்குத் தகவல் போகுமுன் மகனின் முகம் வட்ஸ்அப் குழுக்களையெல்லாம் சுற்றி வந்துவிடுகிறது. மாதங்கள் கழித்து வழக்குக்கு அதே வீடியோவைக் கேட்டால், “அழிச்சிட்டன்”, “போன் மாத்திட்டன்” என்று கையை விரிக்கிறார்கள்.

2004இல் சுனாமி இந்தக் கரையை அடித்தபோது கமரா உள்ள போன் ஊரில் அபூர்வம். ஐந்தே வருடத்தில் நிலைமை மாறியது. இறுதிப் போரில் இராணுவத்தினர் கைதிகளைச் சுடுவதாகவும் போனில் எடுக்கப்பட்டதாகவும் சொல்லப்பட்ட ஒரு கொலைக் காட்சியை 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. அரசு போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்து, 2010 ஜனவரியில் அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார். ஆனாலும் போர் மே மாதமே முடிந்திருக்க, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலைத் திகதி ஏன் என்பதற்கு அவரிடமும் விளக்கம் இல்லை. உலகமே பார்த்த வீடியோவுக்கே இந்த இழுபறி என்றால், வெட்டி, பாட்டுப் போட்டு, பத்துக் குழு கடந்து வந்த உங்கள் வீடியோவை நீதிமன்றத்தில் யார் ஏற்பார்?

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கேட்பது இதைத்தான்: பதிவில் கை வைக்கப்படவில்லை, பத்திரமாக இருந்தது என்று காட்டவேண்டும். விளக்கத் தவணைக்கு 45 நாளுக்கு முன்பே பட்டியலும் பிரதியும் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். தவணைக்கு முதல் நாள் சட்டத்தரணியிடம் ஓடிப் பயனில்லை.

ஆகவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நீளத்தைக்கூடக் குறைக்காதீர்கள். அன்றே ஒரு மெமரி காட்டில் பிரதி எடுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். ‘டொக்கியுமன்ட்’ ஆக அனுப்புங்கள். 2025 பெப்ரவரி முதல் பேஸ்புக் லைவ்கள் 30 நாளில் நீக்கப்படுகின்றன. அதற்குள் இறக்கி வையுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வையுங்கள். மறுபடி சொல்கிறேன், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

காத்தான்குடி பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழிலேயே பதியச் சொல்லுங்கள். தமிழ் அரச கரும மொழி. அவர்கள் செய்யும் தயவல்ல. சிங்களத்தில் எழுதி நீட்டினால் விளங்காமல் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். போனை எடுத்துக்கொண்டால் அதன் ஐஎம்இஐ இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

படம் எடுத்ததற்காக உத்தியோகத்தர் ஒருவர் அடித்தாலோ போனைப் பறித்தாலோ, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஒரு மாதம். “பார்ப்பம்” என்று இருந்து கதவை மூடிக்கொண்டவர்கள் இங்கே நிறையப்பேர்.

நீங்களே பொய்யைப் பரப்பியவர் என்றால் கதை வேறு. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதே நாளில், பொய்த் தகவல் பரவாமலிருக்கச் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. நான்கு நாளில் பொலிஸாரே தேடப்படுவோர் வரிசையில் சம்பந்தமில்லாத ஒரு பெண்ணின் படத்தை வெளியிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். பொலிஸுக்கே தவறினால், சந்தியில் நின்று “இவன்தான் கள்ளன்” என்று படம் போடும் உங்களுக்கு? 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின்படி, பொய்யான பதிவால் பாதிக்கப்பட்டவர் மனுவும் சத்தியக் கடதாசியும் கொண்டு நீதவான் நீதிமன்றம் போகலாம். அதற்கு முன் பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், திகதி மூன்றும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுக்கவேண்டும். போட்டவர் அழித்த பிறகு அழுது பயனில்லை. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிள்ளைகளின் படமென்றால் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அடியுங்கள்.

கடைகளின் சீசீரீவியையும் மறந்துவிடாதீர்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பொலிஸ் வந்து எடுக்கும் என்று காத்திருக்காமல், அன்றே முதலாளியிடம் போய் அந்த நேரத்துப் பதிவை வேறாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.