கண்ணாடியைக் கழற்ற இரண்டு சக்‌ஷன் கப்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் சர்வீஸ் மேசை மேல் ஒரு பல்லாங்குழிப் பலகை இருக்கும். பாட்டி விளையாடியது. லேப்டாப்பைப் பிரிக்கும்போது கழற்றுகிற ஸ்குரூக்களை வரிசை மாறாமல் அதன் குழிகளில் போட்டு வைப்பேன். முதல் குழியில் அடிமூடி ஸ்குரூ, அடுத்ததில் பேட்டரி, அதற்கடுத்ததில் ஃபேன். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்று மூன்று மில்லிமீட்டர், இன்னொன்று நாலு. மூன்றின் இடத்தில் நாலைப் போட்டு முறுக்கினால், நுனி போர்டைக் குத்தி உள்ளே ஓடும் தாமிரக் கோட்டை அறுத்துவிடும். தொழில் பழகிய முதல் வருடம் ஒரு போர்டு என் கையால் அப்படிப் போனது. பல்லாங்குழி கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

2010-ல் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் 27 அங்குல ஐமேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரை முழுக்க ஒரே கண்ணாடி. அடியில் இருந்த ராம் மூடியை விட்டால் எங்கேயும் ஸ்குரூ தலை தெரியவில்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்த பக்கத்துக் கடை அண்ணன், கண்ணாடி தூக்குகிற சக்‌ஷன் கப் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "மேல் மூலையில ரெண்டையும் ஒட்டி நேரா இழும்மா. பயப்படாத." இழுத்தேன். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு மூலை விட்டுக்கொடுத்தது, அதன் பின்னால் முழுக் கண்ணாடியும் கையோடு வந்துவிட்டது. சட்டத்தின் ஓரமெங்கும் காந்தங்கள். கண்ணாடி இடம் பிசகாமல் உட்கார அதன் விளிம்பில் சின்னச் சின்ன முளைகள். உள்ளே டிஸ்ப்ளேயைப் பிடித்திருந்தவை எட்டே எட்டு ஸ்குரூ.

நான் அதுவரை காந்தம் என்றால் ஸ்பீக்கர் காந்தத்தைத்தான் நினைப்பேன். ஸ்குரூடிரைவர் நுனியை அதில் நாலு தேய் தேய்த்தால் கீழே விழுந்த ஸ்குரூவைப் பொறுக்கி எடுக்கலாம். ஐமேக் கண்ணாடியைப் பிடித்திருந்தது வேறு வகை பலம். இன்று கருவிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தது. மிளகு அளவுத் துண்டுகூட விரலைக் கிள்ளும். அவ்வளவு சிறியதில் அவ்வளவு பிடி கிடைத்ததால்தான், மெல்லிய மூடியின் உள்பக்கத்தில் வெளியே தெரியாமல் காந்தத்தை ஒளித்துவைக்க முடிந்தது. 2011-ல் வந்த ஐபேட் 2-ஐயும் அதன் உறையையும் பிரித்துப் பார்த்தவர்கள் இரண்டிலுமாக 31 காந்தங்களை எண்ணினார்கள்.

காந்தத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு போதும். அந்த ரப்பர் விளிம்புக்குள் இருப்பது காந்தப் பட்டை. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களில் கைப்பிடித் தாழ்ப்பாள் இருந்தது. அமெரிக்காவில், தூக்கிப்போட்ட ஃபிரிட்ஜுக்குள் விளையாட்டாகப் புகுந்த குழந்தைகள், வெளியே தாழ் விழுந்து மூச்சு முட்டிச் செத்தார்கள். உள்ளேயிருந்து தள்ளினால் கதவு திறந்தாக வேண்டும் என்று 1956-ல் அங்கே சட்டமே வந்தது. தாழ்ப்பாள் போய்க் காந்தப் பட்டை வந்தது. இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

இன்னொன்றையும் அதே கதவில் பார்க்கலாம். அதில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தத்தை நேராக இழுத்தால் அடம்பிடிக்கும். பக்கவாட்டில் தள்ளினால் சுலபமாக நகரும். கருவி செய்கிறவர்களுக்கு இதுதான் தலைவலி. பையில் போட்ட லேப்டாப் எல்லாப் பக்கமும் முட்டும். அதனால் மூடி பக்கவாட்டில் நகராமலிருக்க முளையும் பள்ளமும் வேண்டும்; காந்தத்துக்கு இழுத்துப் பிடிக்கிற வேலை மட்டும். ஐமேக் கண்ணாடியில் இருந்த முளைகள் அதற்குத்தான். தூரமும் முக்கியம். நடுவே விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விழுந்தாலே பிடி தளர்ந்துவிடும். எங்களுக்கு அது வசதி. ஒரு மூலையில் பிளாஸ்டிக் கார்டைச் செருகி உரித்தால் மற்றவை ஒவ்வொன்றாக விடும்.

காந்தத்தோடு வருகிற தொல்லைகளும் உண்டு. ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப், டைப் அடிக்கும்போது திடீர் திடீரென்று இருண்டது. வேறு இடத்தில் டிஸ்ப்ளே கேபிளை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். என் மேசையில் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தப் பெண் வந்து உட்கார்ந்து டைப் அடித்ததும் அணைந்தது. இடது கையில் காந்தக் கொக்கி வைத்த வளையல். மூடி சாத்தியாகிவிட்டதா என்று பார்க்க, கீபோர்டு ஓரத்தில் காந்தத்தை உணரும் சென்சார் ஒன்று இருக்கும். வளையலை அது மூடி என்று எடுத்துக்கொண்டு மெஷினைத் தூங்க வைத்திருக்கிறது. மூடிக்கே காந்தப் பூட்டு வைக்கிறவர்கள் இந்தச் சென்சாருக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும் என்பதால், பக்கத்துப் பசையை இளக்க ஹீட் கன் பிடிக்கும்போது என் கையும் கவனமாக இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தம் உள்ள போனை மார்புப் பையில் போடக் கூடாது.

கூகுளின் புராஜெக்ட் அரா காந்தப் பிடிப்பில் வெகுதூரம் போய்ப் பார்த்தது. கேமரா, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனிக் கட்டிகள். வேண்டியதைப் பொருத்திக்கொள்ளும் போன். கட்டிகளைப் பிடிக்க அவர்கள் வைத்தது மின்சாரத்தால் விழித்தும் உறங்கியும் கிடக்கும் காந்தம். அதில் இரண்டு வகைக் காந்தங்கள் அருகருகே இருக்கும். ஒன்றின் திசையை, சுற்றியுள்ள கம்பிச் சுருளில் ஒரு கணம் மின்சாரம் பாய்ச்சி மாற்றலாம். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் கட்டியைக் கவ்வும். எதிரெதிராக இருந்தால் காந்த விசை தங்களுக்குள்ளேயே சுற்றிக்கொள்ள, கட்டி கழன்றுவிடும். பிடித்திருக்க மின்சாரமே வேண்டாம், மாற்றும் கணத்துக்கு மட்டும்தான். எவ்வளவு அழகான யோசனை! 2015-ல் இந்தக் காந்தத்தைக் கைவிட்டு வேறு பிடிப்புக்குப் போனார்கள். 2016-ல் போனையே கைவிட்டார்கள்.

ஐமேக்கும் மாறியது. 2012-ல் ஓரம் 5 மில்லிமீட்டராக மெலிந்தது. கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒரே பலகையாகி, காந்தம் இருந்த இடத்துக்குப் பசைப் பட்டை வந்தது. அதைத் திறக்கச் சின்னச் சக்கரம் ஒன்றை விளிம்புக்குள் விட்டுப் பசையைச் சுற்றிலும் அறுக்க வேண்டும். மூடும்போது பழைய பசையைச் சுரண்டி, புதுப் பட்டை ஒட்ட வேண்டும். முதல் முறை அதைச் செய்தபோது எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. கையால் திறந்த கதவைச் சுவராக்கிவிட்டார்களே என்று.

பிடிப்பு மறைந்திருப்பதில் எனக்குக் குறையில்லை. எங்கே இழுத்தால் திறக்கும் என்பதையும் மறைத்தால்தான் குறை. 2021-ல் அமெரிக்காவில் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப் ஒன்றை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து காட்டினார். திரையைச் சுற்றிய சட்டம் காந்தத்தில் நிற்கிறது, நகத்தால் உரிக்கலாம். பாரம் தாங்கும் உடம்புக்கு ஐந்து ஸ்குரூ. தளர்த்தினாலும் மூடியை விட்டுக் கீழே விழாத வகை. டிரைவரையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள். காந்தத்தின் வேலை எது, ஸ்குரூவின் வேலை எது என்று தெரிந்து பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்டுடியோக்காரரின் ஐமேக் போன மாதம் மறுபடி வந்தது. கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவே தூசு. என்னிடம் தொழில் பழகும் தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஸ்குரூவே காணோமே?" என்றான். சக்‌ஷன் கப் இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். தூசைத் துடைத்து, கண்ணாடியின் உள்பக்கத்தில் விரல் ரேகை இல்லையென்று விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, முளைகளை நேராக வைத்தான். கடைசி அரை அங்குலத்தைக் காந்தமே இழுத்துக்கொண்டது. பல்லாங்குழியில் ஒரு குழிகூட நிரம்பவில்லை.